இடது குமிழ்

மாடியில் மஹபூப் பாஷாவின் தையல் மிஷின்கள் நான்கும் இரண்டரை மணிக்கு நின்றன. ஷூவின் மேல்தோலைத் தைக்கிற மிஷின்கள். ஓடினால் கீழ்வீட்டு அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும். நாலு மணி வரை நிறுத்தி வைக்கிறேன் என்று பாஷா வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட அவரால் முடியாது. ஆறு மணிக்கு லாரி வருகிறது, சரக்கு ஏறியாக வேண்டும்.

கீழ்வீட்டுச் சுந்தரிக்கும் அவள் புருஷன் இன்பராஜுக்கும்கூட அதற்கு மேல் நேரம் கிடையாது. ஐந்து மணிக்கு வேலூர் பஸ். இன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், நாளைக் காலையில் சுந்தரியின் கழுத்தில் ஆபரேஷன். தைராய்டுக் கட்டி. கெட்ட கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அந்த மட்டில் நிம்மதி. ஆனால் டாக்டரம்மா கடைசியாக ஒன்று சொன்னார். குரலுக்குப் போகிற நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது, ஜாக்கிரதையாகத்தான் செய்வோம், பேச்சுக்கு ஒன்றும் ஆகாது, பாடும்போது மேல் ஸ்தாயி மட்டும் முன்போல வராமல் போகலாம். "பாடுவீங்களா?" என்று கேட்டவர், சுந்தரியின் முகத்தைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பாடுவாளா என்று ஆம்பூரில் அவர்கள் கோயிலில் வந்து கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். வாரத்தில் ஆறு நாள் அவள் அங்கன்வாடி டீச்சர், பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து முட்டை உரித்துக் கொடுப்பவள். ஏழாம் நாள் பாடகர் குழுவின் முதல் வரிசை. இருபது வருஷமாகக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஒரு பாட்டு அவளுடையது. அந்தக் கோயிலில் எப்போதோ இருந்த உபதேசியார் ஒருவர் எழுதியது, வெளியே யாருக்கும் தெரியாது. மூன்றாம் சரணத்தில் 'வைக்கோலின் மேலே வெளிச்சம் விழித்ததே' என்று ஒரு வரி படிப்படியாக ஏறும். 'விழித்ததே' என்று அவள் உச்சியில் நிற்கும்போது குழந்தைகூட அழுகையை நிறுத்தும். மூன்றாவது பெஞ்சில் இன்பராஜ் கண்ணைத் துடைப்பான். வருஷா வருஷம் அதே இடம், அதே கர்சீப். அவளோடு பாடுகிற பெண்கள் அதை வைத்து அவளைக் கேலி செய்வார்கள்.

அந்த உச்சியைப் பிடித்து வைக்கத்தான் இந்தப் பெட்டி வந்திருக்கிறது. ட்யூப் ப்ரீஆம்ப். மைக்கிலிருந்து வரும் சன்னமான சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குப் போகும் முன் தூக்கிக் கொடுப்பது அதன் வேலை. டிபன் பாக்ஸ் அளவு. முன்பக்கம் சின்னக் கண்ணாடி ஜன்னல், அதற்குள் பழைய ரேடியோவில் இருந்ததைப் போல ஒற்றைக் கண்ணாடிக் குழாய், சூடேறினால் ஆரஞ்சாகக் கனியும். ஸ்டுடியோக்காரர்கள் லட்சத்தில் வாங்குகிற சாமானை நம்மைப் போன்றவர்களுக்கு ஆயிரத்தில் தருகிறார்கள் என்று, ஒரு மாதம் யூடியூபைக் கரைத்துக் குடித்துவிட்டு இன்பராஜ் ஆர்டர் போட்டான். இடது குமிழைத் திருப்பினால் குரல் குழாய்க்குள் பலமாகப் போகும். வலது குமிழ், எவ்வளவு வெளியே வரவேண்டும் என்பதற்கு. இடதைக் கொஞ்சம் ஏற்றி, வலதை இறக்கினால் குரலுக்கு ஒரு கதகதப்பு வரும் என்பது அவன் படித்த பாடம். பெட்டி வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. படுக்கை காலியாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் அதே வெள்ளிக்கிழமைதான்.

போனில் எடுத்தவை ஊரில் நிறையப் பேரிடம் இருந்தன. எல்லாவற்றிலும் கோயில் ஸ்பீக்கரின் கிரீச்சும் யாராவது ஒருவரின் இருமலும் இருந்தது. "ஒண்ணே ஒண்ணு சுத்தமா இருக்கணும் சுந்தரி" என்றான் இன்பராஜ். படுக்கையறைச் சுவரெல்லாம் கம்பெனியில் கழித்துப் போட்ட இன்சோல் ஃபோம் தாள்களை ஒட்டினான். பாதத்தின் அடியில் கிடக்க வேண்டியது சுவரில் ஏறி எதிரொலியைக் குடித்தது. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, சத்தத்தை உறிஞ்சட்டும் என்று பீரோவைத் திறந்து புடவைகளைக் காட்டி வைத்திருந்தான். ஆகஸ்ட் மாத மத்தியானம். சுந்தரிக்கு முதுகு தெப்பலாக நனைந்திருந்தது.

மூன்று மணிக்குள் ஆறு தடவை பாடியாகிவிட்டது. ஆறையும் இன்பராஜ் அழித்துவிட்டான். சனிக்கிழமை எடுத்த மூன்றையும் அழித்திருந்தான்.

அவன் வேலை அப்படி. ஷூ கம்பெனியில் கிளிக்கிங் செக்‌ஷனில் இருபத்திரண்டு வருஷம். தோலை விரித்து, அச்சுக் கத்தியை வைத்து, பிரஸ்ஸால் ஓங்கி அடித்து வெட்டும் இடம் அது. வெட்டிய துண்டில் உண்ணி கடித்த தழும்போ முள் கீறலோ இருந்தால் அந்த நிமிஷமே கத்தியால் குறுக்கே கிழித்துவிட வேண்டும். கிழிக்காமல் வைத்தால் எப்படியோ நல்ல துண்டுகளோடு கலந்து, கப்பல் ஏறி, அசிங்கப்படுத்திவிட்டு வரும். வைத்துப் பார்ப்போம் என்பதே அந்த மேஜையில் கிடையாது. அவன் கை அப்படிப் பழகிவிட்டது.

"ஏழாவது. இதான் கடைசி" என்று விரலைக் காட்டினான்.

சுந்தரி பாடினாள். பயம் தொண்டையில் உட்கார்ந்திருந்தாலும் மூன்றாம் சரணத்தில் அது விலகிக்கொண்டது. 'விழித்ததே' என்று உச்சியில் நின்றபோது, இதைவிட நன்றாகத் தன்னால் முடியாது என்று அவளுக்கே தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது இன்பராஜ் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். கர்சீப்பும் வெளியே வந்திருந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுதும் கேட்டான். கடைசியில், "பாஸ்" என்றான். கம்பெனிக் குரல்.

"குடுங்க, நானும் கேக்கறேன்."

"இன்னா?"

"நானும் கேக்கறேன்னேன்!"

"கேளு, கேளு. வெண்ணெய் மாதிரி இருக்குது."

முதல் சரணம் நன்றாக இருந்தது. தன் குரல் இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு உருண்டையாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. மூன்றாம் சரணம் வந்தது. 'வெளிச்சம்' என்ற இடத்தில் குரலோடு ஏதோ உரசியது. 'விழித்ததே' என்பதில் நைலான் துணியைக் கிழிப்பது போல ஒரு கரகரப்பு, அவள் குரல் நிற்கிற வரைக்கும் கூடவே நின்றது.

வயர் ஏதாவது ஆடியிருக்கும் என்று ஹெட்போனைப் பிடுங்கி, லேப்டாப்பின் ஸ்பீக்கரிலேயே போடச் சொன்னாள். அதே இடம், அதே கிழிசல். இன்பராஜ் தலையை மெல்ல ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தான்.

"இங்க ஒண்ணும் கேக்கலையா உங்களுக்கு?"

"எங்க?"

"விழித்ததே."

"கேக்குதே. அழகா கேக்குது. மொதல்லதான் பேஜாரு. அந்த எடத்துக்கு வந்தா நீ கம்மியாயிட்டே. ஒவ்வொரு தபாவும் கம்மியாவுறியேன்னு இடது நாப்பைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினேன். மொதல்ல பத்து மணியில இருந்துச்சு, இப்ப மூணு மணியில வச்சிருக்கேன்." கடிகார முள்ளைப் போல் குமிழின் கோட்டைக் காட்டினான். "ஸ்கிரீன்ல பாரு, எல்லாம் பச்சை. செவப்பே தொடல."

அவள் கம்மியாகவில்லை. அந்த இடத்தில்தான் அவள் முழுக்குரலும் வெளியே வருகிறது. ஆம்பூரில் பாதி பேருக்குத் தெரியும் அது.

மணி மூன்று இருபது. சுந்தரி தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்தாள். மனசு தன் பாட்டுக்கு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டது. குக்கர் மூன்று விசில் அடித்தும் அசையாமல் பேப்பர் படிக்கிற மனுஷன். வார்த்தைக்கு வார்த்தை 'இன்னா?' டி.வி. சத்தத்துக்குப் பாஷா வீட்டிலிருந்து ஆள் வந்தது. எல்லாவற்றையும் சோம்பேறித்தனம், அலட்சியம், ஆம்பிளைத் திமிர் என்று வகை வகையாகப் பிரித்து வைத்துத் திட்டியிருக்கிறாள். கம்பெனியில் காதுக்குக் கொடுக்கும் ஆரஞ்சு பஞ்சு அவன் சட்டைப் பையிலேயே கிடந்து துவைக்கப் போகும்.

பீரோவின் கதவில் சாவிக்கொத்து தொங்கியது. அதை உருவிக்கொண்டு அவன் முதுகுப் பக்கம் வந்து நின்றாள். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் செய்கிற சோதனைதான். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று ஆட்ட வேண்டும், திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். வருஷத்துக்கு நாற்பது பிள்ளைகளுக்குச் செய்கிறாள்.

வலது காதுப் பக்கம் ஆட்டினாள். இன்பராஜ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடது பக்கம் ஆட்டினாள். அவன் மூக்கைச் சொறிந்துகொண்டான்.

பிடரிக்கு ஒரு சாண் தூரத்தில் கொத்தை வைத்துக் குலுக்கினாள். ஃபோம் ஒட்டிய அந்த அறையில் அது மட்டும்தான் சத்தம். அவன் திரும்பவில்லை. பேச்சு எட்டுகிற காதுக்குக் கூரான சத்தம் எட்டவில்லை.

"ஏங்க" என்று தோளைத் தொட்டாள். சாவிக்கொத்தைப் பார்த்தவன், அவள் முகத்தைப் பார்த்தான். இருபத்தோரு வருஷம் குடும்பம் நடத்தியவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் எதற்கு? இருந்தும் அவனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"இன்னா வெளையாட்டு இது? என் காது நல்லாத்தான் கீது. நாளைக்கு ஆபரேஷன்னு நீ பயந்துகினு, இல்லாததெல்லாம் கேக்குது உனக்கு. பாஸ் ஆனதப் போய்..."

"கரகரன்னு கிழியுதுங்க. என் தொண்டை, எனக்குத் தெரியாதா?"

"கிழிஞ்சா ஸ்கிரீன்ல செவப்பு வரும்!"

"சரி, அந்த எடத்தப் பெருசு பண்ணிக் காட்டுங்க. முதல் சரணத்தையும் காட்டுங்க."

வேண்டா வெறுப்பாகப் பெருசு பண்ணினான். முதல் சரணத்தின் அலைகள் ஒவ்வொன்றும் மேலே கூம்பி, கீழே இறங்கி, அதனதன் உயரத்தில் இருந்தன. மூன்றாம் சரணத்துக்கு நகர்த்தினான். அங்கே ஒன்றுக்கும் உச்சி இல்லை. கத்தி வைத்துச் சீவியது போல எல்லாம் ஒரே மட்டத்தில் தட்டையாக நின்றன. வலது குமிழ் இறங்கியிருந்ததால் வெளியே வந்த சத்தம் அளவாகத்தான் வந்திருக்கிறது, திரை பச்சையாகவே காட்டியிருக்கிறது. கெட்டது குழாய்க்கு உள்ளேயே கெட்டிருக்கிறது.

காது பொய் சொல்லலாம். கண்ணும் விரலும் அவனுக்குப் பொய் சொன்னதில்லை. திரையின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, தோலின் தழும்பைத் தடவுகிற மாதிரி அந்தத் தட்டையான வரிசையை ஓரம் வரை தடவிக்கொண்டு போனான்.

"சீவிட்டுது" என்றான். விரலைத் திரையிலிருந்து எடுத்தான். "மொதல்ல எடுத்ததெல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கும். நேத்து எடுத்ததும். எல்லாத்தையும் கிழிச்சுட்டேனே சுந்தரி."

மாடிப்படியில் செருப்புச் சத்தம். பாஷா கதவுக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்தார். "இன்பா! ஆச்சாப்பா? மூணே முக்கால் ஆவுது. புள்ளைங்க மிஷின்ல குந்திட்டாங்க. தங்கச்சிக்கு துவா பண்றோம்னு சொல்லு."

"அஞ்சு நிமிஷம் பாய்!" என்று சுந்தரிதான் பதில் சொன்னாள். இன்பராஜுக்கு அது கேட்டதா என்று பார்த்தாள். அவன் அவள் உதட்டைப் பார்த்துத்தான் கதவுப் பக்கம் திரும்பினான். எத்தனை நாளாக இப்படி உதட்டைப் பார்க்கிறானோ, பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவனுக்கு இப்போது அவசரம் பிடித்துக்கொண்டது. குமிழைப் பத்து மணிக்கு இறக்கினான், மைக்கை நிமிர்த்தினான், வயரை அழுத்தினான். "பாடு. ஒரு தபா பாடு. நேரா மூணாவது சரணமே பாடு. நான் தொட மாட்டேன், அழிக்க மாட்டேன். பாடு சுந்தரி, பன்னெண்டு நிமிஷம் இருக்குது."

அவள் அசையவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. கோயில்ல நான் அந்த வரியைப் பாடறது உங்களுக்குக் கேட்டு எவ்ளோ வருஷம் ஆச்சு?"

அவன் வயரை விட்டான். மோவாயைத் தேய்த்தான். "தெரியல. நாலஞ்சு வருஷம் இருக்கும். சன்னமா தூரத்துல வரும். வார்த்தை வராது. உனக்கு வயசாவுதுன்னு நெனச்சேன், சொன்னா நீ வருத்தப்படுவேன்னு சொல்லல."

"அப்ப அழுவீங்களே?"

"உன் வாயைப் பாப்பேன். கழுத்துல அந்த நரம்பு எழும்பும். எடம் வந்துடுச்சுன்னு தெரியும். பாட்டு மனசுல இருக்குதில்ல, அது வந்துடும்."

சுந்தரி உட்கார்ந்துவிட்டாள். நாளைக்குப் போய்விடுமோ என்று இரண்டு மாதமாக அவள் தூங்காமல் காத்த ஒன்று, இந்த வீட்டில் எப்போதோ போய்விட்டிருக்கிறது. போனது தெரியாமல் அவன் கர்சீப்போடு உட்கார்ந்திருந்திருக்கிறான். அழலாம் போல இருந்தது, அழுதால் குரல் கெட்டுவிடும். ஒன்பது நிமிஷம்.

"திரும்பி உக்காருங்க. சுவத்தப் பாத்து."

"எதுக்கு?"

"உக்காருங்கன்னா உக்காருங்க. வார்த்தை தெளிவா கேட்டா கையைத் தூக்குங்க. மனசுல இருந்து தூக்கக் கூடாது. காதுல விழுந்தாத்தான்."

அவன் ஃபோம் சுவரைப் பார்த்து, சோதனைக்கு வந்த பிள்ளையைப் போல உட்கார்ந்தான். வழக்கமான சுருதியில் வேறொரு பாட்டின் வரியை மெல்லப் பாடினாள். கை எழவில்லை. இரண்டு படி இறங்கினாள். இல்லை. இன்னும் இறங்கினாள். அங்கன்வாடியில் மத்தியானம் பிள்ளைகளைத் தூங்க வைக்கிற குரலுக்கு வந்தாள், யாரும் பாராட்டாத, அவளும் மதிக்காத அடிக்குரல். இன்பராஜின் கை காதுக்கு மேலே போய் நின்றது.

"தெளிவா?"

"தெளிவா. 'பசுங்கன்று'ன்னு பாடினே."

"சரி. அழுத்துங்க."

அவன் பதறித் திரும்பினான். "இந்தக் குரல்லயா? இது நாளைக்கப்புறமும் வருமே! மேல் குரல் போய்டுச்சுன்னா? அதுக்குத்தான எல்லாம் பண்ணோம்? அதைப் புடிச்சு வைக்க வேணாமா?"

"யாருக்குப் புடிச்சு வைக்கறது?" என்றாள் சுந்தரி. கோபமாக வந்துவிட்டது. "எனக்கு அது உள்ளயே இருக்குது. ஊருக்குப் போன்ல இருக்குது, இருமலோட. நீங்க கேக்காத ஒண்ண ஒட்டி வச்சு நான் இன்னா பண்ணப் போறேன்? நாளைக்கு மயக்க மருந்து குடுக்கும்போது நீங்க வெளியில காத்துக்கினு இருப்பீங்க. அப்ப காதுல மாட்டிக்கினா வார்த்தை வார்த்தையா கேக்கணும். அழுத்துங்க. அஞ்சு நிமிஷம்தான் இருக்குது."

அவன் அழுத்தினான். இடது குமிழில் அவளே கை வைத்தாள். பத்து மணியில் நிறுத்தினாள். குழாயின் ஆரஞ்சு வெளிச்சம் அவள் விரல் நகத்தில் விழுந்தது. மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, மூன்றாம் சரணத்தை, ஏணியின் கீழ்ப்படியிலிருந்து, ஒவ்வொரு எழுத்தும் விழும்படி நிதானமாகப் பாடினாள். 'வைக்கோலின் மேலே' என்றபோது இன்பராஜ் தலையைச் சாய்த்தான். 'வெளிச்சம்' என்றபோது மூச்சை நிறுத்தினான். 'விழித்ததே' என்று அவள் நிற்கும்போது மாடியில் முதல் மிஷின் கிளம்பியது. பிறகு மற்ற மூன்றும். பாஷா சொன்ன சொல் தவறாதவர், சரியாக நாலு மணி.

அவள் நிறுத்தாமல் முடித்தாள்.

இன்பராஜ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டான். சுந்தரி அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரி வந்ததும் முகம் சுருங்கியது, மிஷினின் உறுமல் கனமான சத்தம், அது அவனுக்கு நன்றாகவே கேட்கும். வலது கை தன்னால் அழிக்கிற பட்டனுக்குப் போனது. அதன் மேலேயே நின்றது. அவள் தடுக்கவில்லை.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"மிஷின் விழுந்துடுச்சு" என்றான்.

"ம்."

"உன் வார்த்தை அதுக்கு மேல நிக்குது. ஒண்ணு விடாம கேட்டேன்." சேமித்தான். போனில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று இன்னும் இரண்டு இடத்தில் சேமித்தான். "ஆஸ்பத்திரியில காது டாக்டரும் இருப்பாங்க இல்ல?"

"நான் கண் முழிச்சதும் மொதல் வேலை அதான்."

லேப்டாப்பை மூடி, மைக்கின் வயரைக் கழற்றினான். பெட்டியின் ஸ்விட்சை அணைத்ததும் குழாயின் ஆரஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. மேலே நான்கு மிஷின்களும் வெறி பிடித்தது போல ஓடின, அலமாரியில் டம்ளர்கள் நடுங்கின. சுந்தரி ஜன்னலைத் திறந்தாள். காற்று வந்தது, கூடவே தோல் வாடையும் வந்தது.

அவள் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவன் பக்கம் முகம் தெரியும்படி நின்று, வழக்கமான சுருதியில், முழுக்குரலில், மூன்றாம் சரணத்தைப் பாடினாள். மிஷின் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது. இன்பராஜ் வயரைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான். அந்த நரம்பு எழும்பியது.

'விழித்ததே' என்று அவள் நின்றாள். அவன் கர்சீப்பை எடுத்தான்.

ஐந்து மணி பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது.